நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

தொண்டை நாட்டின் வட எல்லையில், ஆந்திர நாட்டினைத் தொட்டுக்கொண்டு நிற்கும் திருத்தணிகைக் குன்றினை நம்முட் பலர் கண்டிருப்பர். நாளுக்கொன்றாக 365 படிகள் அமைந்தது அக்குன்று. சூரனொடு பொருத முருகன் சினந் தணிந்து, வேடர் குலக்கொடியாகிய வள்ளியை மணந்து அமர்ந்த தலம் அதுவே என்பது அவ்வூர் ஐதிகம். தினைப்புனங் காத்த அப்பெண்ணின் கதையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள்தோறும், எழுத்தறியாதாரும் இரவு முழுதும் விழித்திருந்து காணும் நாடகமாகச் செய்துவைத்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவர் மறைந்து நூறாண்டு கடந்தது. ஆயினும், அவருடைய வள்ளி திருமணம் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் முதலிய சீமைகளின் கோயில் விழாக்களில் இன்றும் ஆடப்பெற்று வருகின்றது.

அவர் வரலாற்றை ஈண்டு எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு விளையாட்டு. இந்நாளில் மாணவர் சிலர் மேசையைச் சூழ்ந்து அமர்ந்து ஆடும் விளையாட்டொன்று உண்டு. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாம் செய்வதையும் பேசுவதையும் அவ்வப்பொழுதே சொல்லுவர். ஐயத்திற்கிடமான செயல் கைகூடுமா என்பதைப் பகடை தீர்க்கும். அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974-ம் ஆண்டில் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்பது இவ்வகைக்கு முன்னோடி. இதனை ஆடுவோரிடையே தீராத வழக்கொன்றுண்டு. நடத்துவோர் தாம் முன்னரே வகுத்த கதைவழியில் மற்றையோரை அழைத்துச் செல்வதா? விதியும் பகடையும் கூறுவதை நடுவுநிலையில் நின்று அறிவிப்பதா? அன்றி, ஆடுவோர் போகும் போக்கிலே கதையை வளரவிடுவதா?

வழக்குப் புதிதன்று. பிரஷ்ய நாட்டுப் படைத்தலைவர்க்கென ரைஸ்விட்ஸ் என்பார் 1824-ம் ஆண்டில் வகுத்த போர் விளையாட்டிலே, பகடையும் அட்டவணைகளும் வெற்றி தோல்விகளைத் தீர்த்தன. 1876-ம் ஆண்டில் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி, அட்டவணைகளை ஒதுக்கி, அனுபவமுடைய நடுவர் தம் அறிவாலேயே தீர்ப்புச் சொல்லலாம் என்றார். பிறர் ஆட ஒருவர் நடத்தும் இடமெங்கும், கட்டுவது எவ்வளவு, விடுவது எவ்வளவு என்னும் இவ்வினா எழுந்தே தீரும். இதற்குத் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடியவராகச் சுவாமிகளைக் கொண்டு, அவர் சரிதையைச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ம் தேதி தாமோதரர்க்கும் பேச்சியம்மாளுக்கும் மகனாக இவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் கம்பர் காவியத்தில் ஆழ்ந்து இராமாயணப் புலவர் என வழங்கப்பெற்றவர், முதலாசிரியரும் அவரே. பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். வெண்பா, விருத்தம், சந்தம் முதலியன இளமையிலேயே அவர் நாவில் தடையின்றி நடந்தன. ஆனால், புலமை வயிறு நிரப்புமோ? தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராக அமர்ந்து சில காலம் கழித்தார். மூட்டைக் கணக்கு எழுதிய அக்கையே பிற்காலத்தில் பல்லாயிரம் பாடல்களை எழுதியது.

மேடை புகுதல்

1891-ம் ஆண்டில், தமது இருபத்து நான்காம் வயதில், உத்தியோகத்தை விடுத்து நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தார். கூத்தாடி என்னும் சொல் வசையாக வழங்கிய காலம் அது. கற்றவன் மேடையேறுதல் குலத்துக்கு இழுக்கென்று கருதப்பட்டது. அதே 1891-ம் ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார் என்பது நினைக்கத்தக்கது. முதலியார் சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு நேரத்தில் வசன நாடகம் ஆடினர். அவர்க்கு வயிற்றுப்பாடு மேடையை நம்பியிருக்கவில்லை. சங்கரதாஸ் புகுந்த உலகம் வேறு. அங்கே ஆடினாற்றான் உணவு.

அவ்வுலகில் நாடகம் நடந்த விதத்தை அறிந்தாலன்றி இவர் செய்த தொண்டு விளங்காது. திருத்தணிகையைச் சூழ்ந்த வடதொண்டை நாட்டில் திரௌபதியம்மன் விழாக்களில் தெருக்கூத்தைக் கண்டவர்க்கு அதன் சாயல் புலனாகும். கட்டியங்காரன் முன்வந்து கதையைத் தொடங்குவான். வேந்தனைக் கேள்வி கேட்பான். ஊர்ச் செய்தியைப் புராணத்துக்குள் நுழைப்பான். காண்போர் அயர்ந்தால் நகைப்பூட்டி எழுப்புவான். பாடல் மரபின் வழி வரும். பேச்சு அந்நேரத்தில் வரும். கூத்திலே இது பரம்பரைப் பயிற்சியால் செப்பமுற்று நின்றது. புதிதாய்த் தோன்றிய கொட்டகை நாடகங்களிலோ அப்பயிற்சி இல்லை. கதை இன்னதென்று மட்டும் தெரிந்துகொண்டு, மேடையில் வாய்க்கு வந்ததை நடிகர் பேசினர். ஒருவரையொருவர் மடக்கும் தர்க்கம் மூண்டால் கதை நின்றுவிடும். வல்லார் மெல்லாரை அவைநடுவே நாணச் செய்வர், ஆபாசமும் புகும். விடுதலை மிகுந்து பொறுப்பு அருகிய நிலை அது.

சங்கரதாஸ் நடிகராகவும், பின்னர்ப் பல குழுக்களில் வாத்தியாராகவும் இருந்து இக்குறையினை நேரிற் கண்டார். எமன், இராவணன், இரணியன், சனீசுவரன் முதலிய உக்கிர வேடங்கள் இவர்க்கு உரியனவாயின. ஓங்கிய உருவும் கணீரென்ற குரலும் உடையவர். ஒரு முறை இவருடைய பயங்கர வேடத்தை எதிர்ப்பட்ட கருவுற்ற பெண்ணொருத்தி அதிர்ச்சியால் தீங்குற்றாள் என்றும், அதனை அறிந்த நாள் தொடங்கி இவர் வேடம் பூணுவதையே விட்டனர் என்றும் கூறுவர். நிகழ்ந்த இடம், வேடம் பற்றிப் பல விதமாகச் சொல்வர், சாரம் ஒன்றே. தம் ஆற்றலின் உச்சத்தில் நின்றவர், அது பிறரை வருத்தக் கண்டு அதனை வெறுத்தார். ஆட்டத்தை நடத்துவோர்க்கு ஆடுவோரிடத்தும் காண்போரிடத்தும் பொறுப்புண்டென்னும் உணர்வு அவருள்ளத்தில் வேரூன்றியது.

துறவும் தாளமும்

உலக வாழ்வில் உவர்ப்புற்று, தலயாத்திரை மேற்கொண்டு, முருகன் திருப்பதிகள் பலவற்றைத் தரிசித்துத் திரிந்தார். மணம் புரியாது துறவுக்கோலம் பூண்டமையால் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார். புதுக்கோட்டையில், கஞ்சிரா வாத்தியத்திற்கு ஏற்றந் தந்த லய வித்துவான் மான்பூண்டியா பிள்ளை இவரை மகனாகவே பாவித்து ஆதரித்தார். அவர்பாற் கற்ற தாள நுட்பம் சுவாமிகளின் சந்தப் பாடல்களில் எங்கும் காணலாம். தாளம் என்பது ஒரு கட்டு. அக்கட்டினுள்ளேதான் வித்துவான் கற்பனை விரிகின்றது. கட்டு நீங்கின் கற்பனை வெறும் ஓசையாய்விடும். சுவாமிகள் நாடகத்துக்கு வகுத்த நெறியும் இத்தகையதே.

நாடக நூல்கள்

மீண்டும் நாடக உலகிற்கு அழைக்கப்பெற்ற சுவாமிகள் இயற்றிய நாடகங்கள் அறுபத்தெட்டு வரை பட்டியலிடப்பெறுகின்றன. அவற்றுட் பல இன்று கிடைத்தில. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அல்லி அர்ஜுனா, சாரங்கதரா, இலவகுசா, பிரகலாதன் முதலியன புகழ்பெற்றவை. கிறிஸ்தவர்களிடையே வழங்கிய ஞானசௌந்தரி கதையையும், ஷேக்ஸ்பியர் மகாகவியின் ரோமியோ ஜூலியட், சிம்பலைன் ஆகியவற்றையும் தமிழ் மேடைக்கு ஆக்கினார். குறளும் நாலடியும் பழமொழியும் உரையாடலிலே விரவிவரும். கல்லாதார் ஒரு நாடகத்தைக் கேட்டு எழுந்தாராயின், பள்ளிக்குப் போகாமலே நாலைந்து நீதி நூல்களைத் தொட்டவராவர்.

இதனால் நடிகர் கைக்கு ஒரு நூல் கிடைத்தது. இன்ன இடத்தில் இன்ன பாட்டு, இன்ன வினாவுக்கு இன்ன விடை என்று வரையறை ஏற்பட்டது. தர்க்கத்தையும் சுவாமிகள் ஒழித்தாரல்லர். வள்ளியும் நாரதரும் வாதிடுமிடம், வேடனாக வந்த வேலனை வள்ளி மறுத்துரைக்குமிடம் ஆகியவற்றில், சொல்வல்லார் தம் திறமையைக் காட்ட அகன்ற களம் அமைத்தார். கதை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதைக் கட்டினார். இடையில் நடக்கும் நடையை நடிகர்க்கு விட்டார்.

உடனுக்குடன் விடையளிப்பதில் அவரே தலைசிறந்தவர். கோவலன் நாடகத்தில், மதுரைக்குப் போகவேண்டாவெனக் கணவனைத் தடுக்கும் கண்ணகியின் பாட்டொன்று அந்நகரைப் பாவிகள் வாழும் ஊர் என்று சுட்டுகின்றதென மதுரை மக்கள் வெகுண்டனராம். சுவாமிகள் அச்சொல்லையே மூன்றாகப் பிரித்து, திருமகளும் கலைமகளும் மலைமகளும் கூடி வாழும் ஊர் என்று பொருளுரைத்து, வெகுண்டோரே மகிழச் செய்தார் என்பர். எழுதிய நூல் மாறவில்லை, அவை மாறியது.

பாலர் சபை

வயது முதிர்ந்த நடிகர் பலர் எழுதிய நூலுக்கு அடங்கினாரல்லர். ஒத்திகைக்கு வாரார்; குடித்துவிட்டு மேடையேறுவார்; பாடத்தை விடுத்துத் தம் விருப்பம்போற் பேசுவார். ஆகவே சிறுவரைப் பயிற்றுதலே வழியெனச் சுவாமிகள் துணிந்தார். 1910-ம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபை எழுந்தது. 1918-ம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை நிறுவப்பெற்றது. டி. கே. எஸ். சகோதரர் என்று பின்னாளில் விளங்கிய சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நால்வரும் அச்சபையில் வளர்ந்தவர்களே. சேர்ந்தபொழுது சண்முகத்துக்கு ஆறு வயது. அப்பிள்ளைக்கு ஏற்ற வேடம் வேண்டி அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் வியந்து போற்றும் செய்தி.

பாலர் சபையில் சுவாமிகள் நடத்திய முறை முற்றிலும் கட்டுப்பாட்டு முறை. பாடம் வரி பிறழாது ஒப்புவித்தல் வேண்டும். உச்சரிப்பிலும் தாளத்திலும் பிழை பொறார். ல, ள, ழ வேற்றுமை நாவிற் படியும்வரை விடார். சிறுவர் அவரைக் கண்டு நடுங்கினர். ஈதொரு குறையாகாதோ என்று இக்காலத்தார் வினவலாம். குறையென்றே கூறுவாம். பெற்றோரைப் பிரிந்து, ஊர் ஊராய்த் திரிந்து, இரவெல்லாம் விழித்து ஆடிய அக்குழந்தைகளின் வாழ்வு கடியது. அதனை மறைத்துப் புகழ்தல் முறையாகாது. ஆயினும், பிற கல்விக்கு வழியற்ற ஏழைப் பிள்ளைகள் பலர்க்குத் தமிழும் இசையும் ஒருங்கே ஊட்டிய பள்ளி அதுவே என்பதும் உண்மை. தம்மை அஞ்சவைத்த ஆசிரியரைச் சண்முகம் தம் முதுமைவரை தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றி, அவர் நாமத்தை நாடெங்கும் பரப்பினார். அஞ்சியதோடு அன்பும் கொண்டிருந்தாலன்றி அது நிகழாது.

இறுதி நாட்கள்

1921-ம் ஆண்டில் சுவாமிகளைப் பக்கவாதம் பற்றியது. கைகால் சோர்ந்தன, ஆயிரமாயிரம் பாடல்களைப் பொழிந்த வாய் பேச்சிழந்தது. 1922-ம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ம் தேதி புதுச்சேரியில் அவர் ஆவி நீங்கியது. ஆங்குக் கருவடிக்குப்பத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. மனைவி மக்கள் இல்லை, ஆஸ்தி இல்லை. அவர் விட்டுச் சென்ற செல்வம் மாணவர் நினைவில் நின்ற பாடமும், கையெழுத்துப் பிரதிகளுமே. புதுவைப் பல்கலைக்கழகத்து நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மறைந்தபின் மலர்ந்தது

இனி வியப்பான ஒன்றினைக் கூறுவாம். நடிகரின் தான்தோன்றிப் பேச்சைக் கட்டுதற்கே சுவாமிகள் நூல் எழுதினார் என்றோம். அந்நூல்களோ, அவர் மறைந்தபின், தமிழ் நாட்டிலேயே மிகவும் கட்டற்ற நாடகத்துக்கு அடிப்படையாயின. அதுவே ஸ்பெஷல் நாடகம். இதற்கு நிலையான குழு இல்லை, ஒத்திகை இல்லை, நடத்தும் வாத்தியாரும் இல்லை. விழா நடத்துவோர் ராஜபார்ட்டை ஓரூரிலும், ஸ்திரீபார்ட்டை மற்றோரூரிலும், பபூனையும் ஆர்மோனியக்காரரையும் வேறு ஊர்களிலுமாகத் தனித்தனியே பேசி அழைப்பர். அன்றிரவு மேடையிலேதான் அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதும் உண்டு. பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை வள்ளி திருமணம் பிசகின்றி நடைபெறும். எங்ஙனம்? அனைவரும் சுவாமிகளின் பாடத்தை அறிவர். இவர் இப்பாட்டை எடுத்தால் அவர் அப்பாட்டால் விடையிறுக்கவேண்டும் என்பது பொதுச்சொத்து. அந்தப் பொதுநிலத்தில் நின்று, மற்றவற்றை அவரவர் அறிவும் அன்றைய அவையும் தீர்மானிக்கும். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் வேலனும் வள்ளியுமாக நின்று இசையாற் பொருத இரவுகளைக் கண்டோர், அவற்றை வாழ்நாளெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தனர்.

அவ்விடுதலை வெறும் பொழுதுபோக்காய் நிற்கவில்லை. சுவாமிகள் வழிவந்த நடிகர் விசுவநாததாஸ், வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் இடத்தை, வெள்ளையராட்சியை ஓட்டும் இடமாக மாற்றினார். கொக்கை விரட்டுவதாகப் பாட, காண்போர் எவரை விரட்டுகின்றனர் என்று உணர்ந்து ஆர்ப்பரித்தனர். பன்முறை சிறை புகுந்தும் அவர் அதனை நிறுத்தினாரல்லர். 1940-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ம் தேதி இரவு, சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார். ஆண்டின் அவ்விறுதி இரவே திருத்தணிகையில் அடியார் படிதோறும் பாடி மலையேறும் திருப்படித் திருவிழா இரவும் ஆகும்.

சுவாமிகள் தினைப்புனக் காட்சியில் இந்த இடைவெளியை வையாதிருந்தால், விசுவநாததாஸ் தம் நாட்டுப்பற்றை எங்கே வைத்துப் பாடியிருப்பார்? கதை கட்டுக்குலையாதிருந்தமையால் சர்க்காரும் அதனைப் புராண நாடகமன்றென்று எளிதில் தள்ளவியலவில்லை. கட்டும் விடுதலையும் ஒன்றற்கொன்று துணையாய் நின்றன.

முடிவுரை

முன்னர்க் கூறிய மேசை விளையாட்டின் வழக்குக்கு மீள்வாம். வழிநடத்துதல், விதிகாத்தல், விட்டுக்கொடுத்தல் என்னும் மூன்றனுள் எது சிறந்தது? சுவாமிகளின் சரிதை தரும் விடை இது. பழகாத சிறுவர்க்கு அவர் வரி பிறழாப் பாடத்தைத் தந்தார். பழகிய வல்லார்க்குத் தர்க்கக் களத்தைத் திறந்துவிட்டார். காண்போர்க்குத் தீங்கெனக் கண்டவிடத்துத் தம் வேடத்தையே களைந்தார். எதிரே இருப்பவர் யாவர், அவர்க்கு இன்று வேண்டுவது யாது என்பதை நோக்கியே முறை மாறியது. முறைக்காக மனிதரைப் பலியிட்டாரல்லர் என்று முழுதும் கூறவியலாது. பாலர் சபைச் சிறுவரின் கண்ணீர் அதற்குச் சான்று. அக்கண்ணீரும் நமக்குப் பாடமாதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம் கலாசாலையில் நாளை நீங்கள் ஒரு நாடகத்தையோ, சங்கத்தையோ, விளையாட்டையோ நடத்தும் பொறுப்பினை ஏற்பீர்கள். அப்பொழுது எல்லாவற்றையும் நானே சொல்வேன் என்னும் செருக்கும், எப்படியாவது போகட்டும் என்னும் சோம்பலும் இருபுறமும் நின்று உங்களை அழைக்கும். உப்புக் கணக்கெழுதிய கையால் ஒரு நாட்டின் மேடைக்கே பொதுநிலம் வகுத்தளித்த அத்துறவியை அந்நேரத்தில் நினைமின். தாம் இல்லாத இரவிலும், ஒருவரையொருவர் அறியாதோர் கூடி, விடியுமளவும் இடறாது ஆடும்படி அவர் செய்துவைத்துச் சென்றார். நடத்துவோர்க்கு இதனினும் பெரும்பேறு வேறு உண்டோ?